பாத்திமுத்து ஏறாத பஸ்

பாத்திமுத்துவின் ஜனாஸாவைத் தூக்கும் முன் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். மௌத்தானவர் யாருக்காவது மனக்குறை வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பொறுத்துக்கொண்டோம் என்று தெருவே சொன்னது. பிறகு அவர் யாகூபின் பக்கம் திரும்பினார். மனைவி போகும்போது புருஷன் வாயால் அந்த வார்த்தையைத் தனியாகக் கேட்டு வாங்குவது கோட்டைமேட்டில் அந்தத் தெருவின் வழக்கம். அது வந்துவிட்டால் போகிறவளுக்குப் பாரம் இல்லை என்பார்கள்.

யாகூப் தலை குனிந்து நின்றார். வாய் திறக்கவில்லை.

முத்தவல்லி மறுபடியும் கேட்டார். அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சமாளித்து, சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்த மகன் தல்ஹாவுக்குத் தெரியும், அத்தாவின் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று.

அடக்கம் முடிந்து வீடு காலியான பிறகு தல்ஹா நேராகவே கேட்டான், ஏன் சொல்லவில்லை என்று. யாகூப் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"அவ எங்க போனான்னு தெரிஞ்சுட்டு வந்து சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."

நடந்தது இதுதான். பாத்திமுத்து அன்று சமையலை முடித்துவிட்டு, மகள் ஹுமேரா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஹுமேரா இருப்பது குனியமுத்தூரில், ஊருக்குத் தெற்கே, பஸ் ஏறினால் உடனே வந்துவிடும். மத்தியானம் யாகூபுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் பல்லடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி சாய்ந்துவிட்டார்கள், இந்தப் போனில் கடைசியாகக் கூப்பிட்ட நம்பர் உங்களுடையது என்றார். பல்லடம் ஊருக்குக் கிழக்கே, திசையே வேறு. அங்கே அவர்களுக்கு உறவும் கிடையாது, வியாபாரமும் கிடையாது. அரசு மருத்துவமனையில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மருத்துவமனை வராந்தாவில்தான் பொய் வெளியே வந்தது. வாரத்தில் இரண்டு நாள் உன் வீட்டுக்குத்தானே வந்துகொண்டிருந்தாள் என்று யாகூப் மகளைக் கேட்டார். ஹுமேரா விழித்தாள். அம்மா தன் வீட்டுக்கு நோன்புப் பெருநாளுக்கு வந்ததுதான் கடைசி என்றாள். யாகூப் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று வருஷமாக இப்படித்தான்.

பாத்திமுத்துவைப் பற்றித் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நல்ல மனுஷி, வாய் அதிர்ந்து பேசமாட்டாள். அதற்கு மேல் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. பொள்ளாச்சியில் கொப்பரைத் தரகர் வீட்டில் பிறந்தாள். பத்தாவது படித்தாள். கலியாணம் ஆகி வந்தபோது யாகூப் பெரிய கடைவீதிக்குப் பின்னால் லாரித் தார்ப்பாய் தைத்து விற்கும் கடையைத் தனியாக எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள், மாமியாரைப் படுக்கையில் பார்த்தாள், பேத்திகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்தாள். பயணம் என்றால் பொள்ளாச்சி, ஒருமுறை நாகூர், அப்புறம் ஊர் ஊராகக் கலியாணங்கள். பஸ்ஸில் சன்னலோரம் பிள்ளைகளுக்கு, ஏனென்றால் அவர்கள் வாந்தி எடுப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்த பின் அது யாகூபுக்கு, அவருக்குக் காற்று வேண்டும். பாத்திமுத்து நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வாள். எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே நாகூர் வரை போய் வந்தவள்.

தல்ஹாவுக்கு வேலை சிங்காநல்லூரில், லாரிகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவி செய்யும் கம்பெனியில். நாசிக் ரோட்டில் நிற்கும் வெங்காய லாரி டீசலுக்கு நிற்கிறதா, டிரைவர் தூங்குகிறாரா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவான். அம்மாவுக்கு அவன் நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். அவள் அதைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு பட்டன் போனோடு இருந்தாள். அதில் தேட எதுவும் இல்லை. அவள் பையில் தண்ணீர் பாட்டில், ஒரு எலுமிச்சம்பழம், கைக்குட்டை இருந்தன. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்காமல் கிழித்துத் தரும் சீட்டு ஒன்றும் இருந்தது. சூலூர் முதல் பல்லடம் வரை. அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து அவன் லீவு போட்டுவிட்டு அந்த வழியில் கிளம்பினான். சிங்காநல்லூரில் ஏறி சூலூரில் இறங்கினான். பெண்களுக்கு இலவசமான, முகத்தில் பிங்க் அடித்த பஸ்கள். உள்ளே முக்கால்வாசி பெண்கள், மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள். டிக்கெட்டுக்குக் காசு நீட்டுகிற சிலரில் அவனும் ஒருவன். சூலூரில் நின்ற பல்லடம் பஸ்ஸில் கண்டக்டரிடம் அம்மாவின் படத்தைக் காட்டினான். சட்டைப்பையில் சசிதர் என்று பெயர் குத்தியிருந்த இளம் கண்டக்டர் படத்தைப் பார்த்ததுமே சிரித்தார்.

"நம்ம பாயம்மா. இந்தப் பக்கம் மூணாவது சீட்டு, சன்னலோரம். என்னங்க, ஒரு வாரமா ஆளையே காணோம்?"

தல்ஹா சொன்னான். சசிதர் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பிய பிறகு அவராகவே பின்னால் வந்தார். காங்கேயத்தில் மகனுக்குப் பெண் பார்க்கப் போவதாக அம்மா சொன்னார்கள் என்றார். பல்லடத்தில் இறங்கி அங்கே வேறு பஸ் மாறுவார்களாம்.

"அந்தப் பையன் நீங்கதானுங்களா?"

முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பி அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "அவங்க சொன்ன கலருக்கு இவரு கொஞ்சம் கொறைச்சல்தானுங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

தல்ஹாவுக்கு அது போதுமாக இருந்தது. பல்லடம் வரை போகவில்லை. வழியிலேயே இறங்கி எதிர்ப்பக்கம் நின்று அக்காவுக்குப் போன் செய்தான். ஒரே ஒரு கருவி காட்டிய அளவை எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடும் ஆள் இல்லை அவன். ஆபீசில் யாராவது அப்படிச் செய்தால் திட்டுவான். அன்று செய்தான்.

ஹுமேரா முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு போனை எடுத்தாள். காங்கேயத்தில் அவள் மாமியார் வழியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து அடுத்த தெரு. மௌத்தான ஒரு அம்மா கடைசியாகக் காங்கேயத்துக்குப் பெண் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஷாநவாஸ் என்பவர் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர். துக்கம் கேட்டார். ஒரு டின் எண்ணெயை வாசல் ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், தன் மகள் நிதா பி.ஃபார்ம் முடித்திருக்கிறாள், முக்காடு போட்ட ஒரு அம்மா போன மாதம் தங்கள் தெருவில் வந்து விசாரித்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள் என்று.

"மௌத்தானவங்க ஆசைங்க. அதைத் தட்டறதுக்கு நாம யாரு?"

யாகூப் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக மகளைக் கூப்பிட்டு டீ கேட்டார். வந்தவர்கள் போன பிறகு தார்ப்பாய் மெழுகு ஏறிய விரல்களால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். பையனுக்காகத்தானே போனா. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. ஷாநவாஸ் குடும்பமும் அன்று வரும். கலியாணப் பேச்சையும் அன்றே லேசாகத் தொட்டுவைக்கலாம் என்றாள் ஹுமேரா. எல்லாம் சரியாகப் பொருந்தியது. தல்ஹாவுக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் புனேயில் இருந்தான், கலியாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அதற்கு முன்னும் பின்னும் அவள் ஒரு பெண்ணின் படத்தைக்கூடக் காட்டியதில்லை. ஒரே ஊரில் வாரம் இரண்டு நாள் மூன்று வருஷம் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள். காங்கேயத்தில் அவ்வளவு பெண்களும் இல்லை.

இந்த முறை பல்லடம் வரை போனான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கு எதிரே இருந்தது போன் செய்தவரின் டீக்கடை. நரசிம்மலு என்று பெயர், பாய்லருக்குப் பின்னால் பாதி தெரிந்தார். யாரென்று தெரிந்ததும் காசு வாங்காமல் டீ கொடுத்தார். காங்கேயத்தில் பெண் பார்க்கும் விஷயத்தைத் தல்ஹா எடுத்ததும் அவர் குழம்பினார்.

"பொண்ணா? எங்கிட்ட அவங்க ரிட்டயர்டு நர்ஸுன்னு சொன்னாங்களே. பேத்திக்குக் காய்ச்சல், என்ன பண்றதுங்கன்னு ஒருக்கா கேட்டேன். கஞ்சி குடுங்கன்னாங்க. காய்ச்சல் விட்டுருச்சுங்க."

பக்கத்துப் பூக்கடைப் பெண்ணிடம் போனால் அவள் வேறு சொன்னாள். மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம். பஸ் ஸ்டாண்டு நேரக் காப்பாளரிடம் நிலப் பத்திரம் விஷயமாகப் பொங்கலூர் போவதாகச் சொல்லியிருக்கிறாள். தல்ஹா பெஞ்சில் உட்கார்ந்தான். நாலு கருவி நாலு அளவு காட்டினால் கருவிகளைச் சந்தேகப்படலாம். இல்லையென்றால் அளக்கப் போன பொருளே அங்கே இல்லை.

அன்று என்ன நடந்தது என்று நரசிம்மலுவிடம் கேட்டான். அம்மா இரண்டு பஸ்ஸை விட்டார்கள் என்றார் அவர். ஏன் என்றதற்குச் சிரித்தார், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் போலத் துணியால் மேசையைத் துடைத்தார்.

"சன்னல் சீட்டு இல்லீன்னா ஏறமாட்டாங்க. எடங் கெடைச்சாப் போதுமுங்களே, ஏறிப் போறதுதானேன்னு கேட்டேன். நடுவுல உக்காந்து போறதுக்கு ஊட்டுலயே உக்காந்திருப்பனேன்னாங்க."

அம்மா இப்படியெல்லாம் பேசுவாள் என்று தல்ஹாவுக்குத் தெரியாது.

மேற்கொண்டு தெரிய வேண்டுமென்றால் அவர்கள் ஜோடியைக் கேளுங்கள் என்றார் நரசிம்மலு. சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கார அம்மா ஒருவர், இருவரும் சேர்ந்துதான் வருவார்களாம். அன்றைக்குத்தான் அந்த அம்மா வரவில்லை. அதற்கப்புறம் வந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார், இறந்த விஷயத்தைச் சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றார்.

வெயில் ஏறும் நேரத்தில் அந்த அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். காது தொங்க வெள்ளைக் கல் தோடு, கையில் மடித்த ரேஷன் பை. பெயர் பழனாத்தாள். தல்ஹா எழுந்து நின்று சொன்னான். பழனாத்தாள் பெஞ்சில் பாத்திமுத்து உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு மறு ஓரத்தில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு பஸ் வந்து போனது.

"அவங்களுக்கு எம்மேல கோவம்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றார். "அன்னைக்கு ஊருல கோயில் நோம்பி, மருமக விடலீங்க. வரலீன்னு சொல்றதுக்கு அவங்க நம்பர்கூட எங்கிட்ட இல்லீங்க சாமி. பேரே தெரியாது, பாயம்மான்னுதான் கூப்புடறது."

தல்ஹா பெயரைச் சொன்னான். பழனாத்தாள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஆன புதிதில்தான் இருவரும் பழகியிருக்கிறார்கள். சூலூரில் ஒரே சன்னல் சீட்டுக்கு இருவரும் ஓடியதில் ஆரம்பித்தது. போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி என்று அன்றே உடன்படிக்கை ஆயிற்று. பிறகு நாள் குறித்துச் சந்தித்தார்கள். ஒரு பஸ்ஸில் ஏறி அது நிற்கும் இடம் வரை போவது, அங்கே அடுத்த டவுன் பஸ் எதுவோ அதில் ஏறுவது, வீட்டில் தேடுவதற்குள் திரும்புவது. பொள்ளாச்சிப் பக்கம், அன்னூர்ப் பக்கம், திருப்பூர். இந்தக் காங்கேயம் ரோடுதான் இருவருக்கும் பிடித்தது. காசு கொடுக்கும் பஸ்ஸில் ஏறக் கூடாது என்பது சட்டம்.

"காசு குடுத்துட்டா ஒரு வேலையா போறமாதிரி ஆயிருமுங்க. சும்மா போறவ சும்மாதான் போகோணும்."

வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவீர்கள் என்று தல்ஹா கேட்டான். பழனாத்தாள் ரேஷன் பையைத் தூக்கிக் காட்டினார். மருமகள் லோகப்பிரியாவிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு வருவார். வெறும் பையோடு போனால், மிஷின் வேலை செய்யவில்லை, சர்வர் இல்லை என்று சொல்வார். மருமகள் அரசாங்கத்தைத் திட்டுவாள்.

"பொம்பளை ஒருத்தி சும்மா பஸ்ஸுல போறேன்னு சொன்னா, ஊட்டுல என்ன சண்டைன்னு கேப்பாங்க. அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணொண்ணு சொல்றதுங்க. எனக்கு ரெண்டு வேலைதான் வாயில வரும். உங்கம்மா சொல்றதைக் கேக்கோணுமே. நர்ஸு, டீச்சரு, அப்புறம் நெலம் விக்கறது. உங்களுக்குக் காங்கேயத்துல நாலு பொண்ணு பாத்தாச்சு, தாராபுரத்துல ஒண்ணு. அது கால் கொஞ்சம் சரியில்லீன்னு வேண்டாம்னுட்டாங்க."

சொல்லிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தல்ஹா அவனுக்கு வேண்டியதைக் கேட்டான். வீட்டில் கஷ்டம் என்று அம்மா எப்போதாவது சொன்னார்களா?

பழனாத்தாள் யோசித்தார். அவனுக்கு அது நல்லதாகப் பட்டது. உடனே இல்லை என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

"இல்லீங்க. ஊட்டைப் பத்தி அவங்க பேசமாட்டாங்க, நானும் பேசமாட்டேன். எதுக்கால லாரி வந்தா மட்டும் எட்டிப் பாப்பாங்க. ஓரத்துல பச்சைக் கயிறு வெச்சுத் தெச்ச தார்ப்பாயா இருந்தா, அது எங்க ஊட்டுக்காரரு தெச்சதுன்னு காட்டுவாங்க. உங்க தோட்டத்துக்கு வேணும்னா சொல்லுங்க, தள்ளிக் குடுக்கச் சொல்றேன்னு எங்கிட்டயே வியாபாரம் பேசுனாங்க. அது ஒண்ணுதான் நெசமோ என்னமோ."

"நெசந்தானுங்க" என்றான் தல்ஹா.

காங்கேயத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டான். எனக்கென்ன தெரியும், நாங்கள் போய்ச் சேர்ந்ததே இல்லையே என்றார். அடுத்த பஸ் வந்தது. சன்னலோரம் காலியாக இருந்தது. பழனாத்தாள் எழுந்தார்.

"வாங்க. இன்னைக்குப் போறப்ப சன்னலு அவங்க மொறை. நீங்க உள்ள உக்காருங்க."

பெண்கள் பக்கத்து சீட்டில் ஆண் உட்காருவதைக் கண்டக்டர் பார்த்தார். பழனாத்தாள் திருப்பிப் பார்த்த பார்வையில் டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஊர் தாண்டியதும் தறிக் கூடங்களின் சத்தம் காற்றோடு உள்ளே வந்தது, ஒரு கூடம் முடிந்து அடுத்தது. பிறகு கோழிப் பண்ணைகள். பிறகு சோளத் தட்டு அறுத்த காடுகள், முள்வேலி, வேலிக்குள் தலை தூக்கிப் பார்க்கும் ஒரு மயிலைக்காளை. தூரத்தில் காற்றாலைகள், சில சுற்றின, சில சுற்றவில்லை. தல்ஹா இந்த ரோட்டைத் திரையில் கோடாக ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். எந்த இடத்தில் லாரிகள் வேகம் குறைக்கும் என்று தெரியும். மயிலைக்காளை தெரியாது.

அவிநாசிபாளையம் முக்கில் பஸ் திரும்பி நின்றது. இதற்கு மேல் காசு பஸ் என்றார் பழனாத்தாள். காங்கேயம் பஸ் ஒன்று வந்து நின்றது, ஆள் ஏற்றியது, போயிற்று. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தைப் பாட்டில் தண்ணீரில் பிழிந்து குடிப்பது வழக்கமாம். அன்று எலுமிச்சம்பழம் இல்லை. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே பல்லடம் திரும்பி, அங்கே பஸ் மாறினார்கள். சூலூரில் இறங்கும்போது பழனாத்தாள் அவன் கையைப் பிடித்து, போய்ட்டு வாரேன் கண்ணு என்றார். அவனுடைய நம்பரைக் கேட்கவில்லை.

நாற்பதாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சும்மா இருந்தால் போதும். அத்தா வார்த்தையைச் சொல்லிவிடுவார், அக்காவுக்கு நிம்மதி, ஒரு நல்ல குடும்பத்தில் சம்பந்தம். ஆனால் அந்த வார்த்தை மகனுக்குப் பெண் பார்க்கப் போன ஒருத்திக்குப் போய்ச் சேரும். அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை. பாத்திமுத்துவுக்கு ஒன்றும் வராது.

மறுநாள் கடைக்குப் போனான். யாகூப் தையல் மிஷினில் தார்ப்பாய் மடிப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். தல்ஹா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், சுருக்கமாக, வரிசையாக, வேலைக்கு ரிப்போர்ட் கொடுப்பது போல. மிஷின் நின்றது.

"அப்ப எங்கதான் போனா?"

"எங்கயும் இல்லீங்க அத்தா. பஸ்ஸுல போயிட்டு இருந்தாங்க. அவ்வளவுதான்."

"மூணு வருஷம் எங்கிட்டப் பொய் சொல்லிட்டு, சும்மாவா போனா?"

"சும்மான்னு சொல்லிக் கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

யாகூப் மிஷின் பக்கம் திரும்பினார். பச்சைக் கயிறை எடுத்து ஓரத்தில் வைத்தார். பெடலை மிதித்தார். நூல் அறுந்தது. கோத்தார், மறுபடி அறுந்தது. ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கூட்டத்துல, நின்னுக்கிட்டா போனா?"

"இல்லீங்க. சன்னல் சீட்டு இல்லாட்டி ஏறவேமாட்டாங்களாம். அன்னைக்கும் அதுக்குத்தான் ரெண்டு பஸ்ஸை விட்டிருக்காங்க."

நூலை மறுபடி கோத்துக்கொண்டே அவர் சொன்னார். "எங்கூட வர்றப்ப ஒரு தரம்கூடக் கேட்டதில்லையே."

நாற்பதாம் நாள் வீடு நிறைந்திருந்தது. ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் முத்தவல்லி யாகூபைப் பார்த்தார். யாகூப் எழுந்து முதலில் ஷாநவாஸிடம் பேசினார். காங்கேயத்துக்கு அவள் வரவில்லை, அது எங்கள் பக்கத்துத் தப்பு, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஷாநவாஸ் தாடியைத் தடவினார். "அப்ப ஆசை எங்களுதுதான் போல" என்றார். பெருந்தன்மையான ஆள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். உனக்கு ஏண்டா இந்த வேலை என்று ஹுமேரா சமையற்கட்டில் தல்ஹாவின் காதில் சொன்னாள், அன்று முழுக்க அவனோடு வேறு பேச்சில்லை. யாகூப் அந்த வார்த்தையை அங்கே சொல்லவில்லை. முத்தவல்லி கேட்கவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு யாகூப் செருப்பை மாட்டிக்கொண்டு வா என்றார். கபர்ஸ்தானுக்குப் போனார்கள். தல்ஹாவை வாசல் வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். இன்னும் மட்டம் ஆகாத மண்மேட்டின் பக்கத்தில் குந்தினார். துஆ கேட்டது தெரிந்தது. அதற்குப் பிறகும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நடுவில் ஒருமுறை கையை விரித்து ஏதோ கேட்பது போலக் காட்டினார். வெளியே வந்து, சொல்லிவிட்டேன் என்றார். என்ன என்று தல்ஹா கேட்கவில்லை.

ஆட்டோ கூப்பிடப் போனவனைத் தடுத்தார். எதிரே பிங்க் முகத்தோடு ஒரு டவுன் பஸ் நின்றது. ஏறினார்கள். இரண்டு பேர் சீட்டு ஒன்று காலியாக இருந்தது. யாகூப் பழக்கத்தில் சன்னல் பக்கம் நகரப் போனவர் நின்றுவிட்டார். ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். தல்ஹா கம்பியைப் பிடித்து நின்றான்.

கண்டக்டர் வந்து, உள்ளே தள்ளி உட்காருங்க பாய், தம்பி உட்காரட்டும் என்றார்.

"ஆள் வருதுங்க" என்றார் யாகூப்.

அடுத்த நிறுத்தத்தில் யாரும் ஏறவில்லை. கண்டக்டர் காலி இடத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், விசிலை ஊதிவிட்டு முன்னால் போனார். சன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.